மீட்டரில் வைத்த பிறந்தநாள்

சக்கரம் இல்லை, கேபிள் இல்லை, காரே நாலு இரும்பு ஸ்டாண்டின்மேல் அந்தரத்தில் நிற்கிறது. ஆனாலும் கழற்றி மேஜைமேல் வைத்திருந்த ஸ்பீடோமீட்டர் ஒரே ராத்திரியில் மூன்று கிலோமீட்டர் ஓடியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அதைப் பார்த்த தனபாலன் தன் கண்ணைத்தான் திட்டினான். பதினெட்டு வருஷமாகப் பழைய கார்களின் டேஷ்போர்டைப் பிரித்து மேய்கிறவன் அவன். எந்த மீட்டரும் அவனிடம் வாலாட்டியதில்லை. ராஜா அண்ணாமலைபுரத்து வீடொன்றின் தகர ஷெட்டில், அந்தக் காலத்துச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு மரப்பலகையை மெருகேற்றி, மீட்டர்களைத் துடைத்து மாட்டித் தருவதுதான் இந்த வாரத்து வேலை.

தப்பு திங்கட்கிழமையே நடந்துவிட்டது. வீட்டுக்காரர் குருபிரசாத் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "அதுல இருக்கற நம்பரை எழுதி வெச்சுண்டு தொறங்கோ. திரும்பவும் அதுதான் நிக்கணும். அந்த வண்டி ஓடினது போறும்னு எங்கப்பா சொல்லிண்டே இருப்பார்."

எழுதுவதாவது! தலையை ஆட்டிவிட்டுத் திறந்தான். துடைக்கும்போது எண் சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றன. பழைய எண் சத்தியமாக ஞாபகத்தில் இல்லை. பூஜ்யத்தில் விட்டால் வண்டிக்கு ஆகாது என்று மீட்டர்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ராசியாக இருக்கட்டுமே என்று மகள் சிந்துவின் பிறந்த தேதியை வைத்தான். 12-8-19. 12819.

செவ்வாயன்று 12822. புதனன்று 12825. எலி உருட்டியிருக்கும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டான். குருபிரசாத்திடம் சொன்னால் பழைய எண்ணை எழுதி வைக்காததும் வெளியே வருமே.

இன்று வியாழன். மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. கிளம்பும்போது சிந்து, நீலப் பெயின்ட் அப்பிய விரலால் அவன் சட்டைப் பாக்கெட்டில் ஒரு பொட்டு வைத்தாள்.

"அந்தச் செவப்பு காரை நம்ம வூட்டுக்கு எடுத்தாறியாப்பா?"

"எடுத்தாறேன்டா கண்ணு."

காலையில் மீட்டரைப் பார்க்கவே பயந்து, கண்ணாடியை ரப்பர் வைத்து இறுக்கி மூடிக் கவிழ்த்து வைத்தான். மதியம் தாண்டியதும் ஷெட் இருட்டிக்கொண்டு வந்தது. பழைய தோல் சீட்டின் புழுங்கல் நெடியும் வார்னிஷ் வாசனையும் ஈரச் சுவரின் வாடையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் நின்றன. தகரத்தில் மழை அடிக்கிற இரைச்சலுக்கு அடியில், மேஜைமேல், பல்லை மெல்ல நறநறக்கிற மாதிரி ஒரு சத்தம் விடாமல் கேட்டது.

திருப்பினான். 12826.

12819-இலிருந்து மொத்தம் ஏழு கிலோமீட்டர். ஸ்கூட்டரில் தினம் வருகிற வழி, அவனுக்கு மனப்பாடம். இங்கிருந்து ஏழாவது கிலோமீட்டர் அசோக் பில்லர். எட்டாவது, கே.கே. நகரில் அவன் வீட்டு வாசல்.

அவன் பார்க்கப் பார்க்க முள் முப்பதுக்கு ஏறியது. நூறு மீட்டருக்கு ஒன்றாக மாறும் ஓரத்துச் சிவப்பு எண் சுழன்றது. இரண்டு. மூன்று.

கண்ணாடியைச் சுற்றிய வளையத்தைப் பிடித்துத் திருகினான். அசையவில்லை. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். கை கிழிந்தது. வீட்டுக்குப் போன் அடித்தான். மனைவி மீனாட்சி எடுக்கவில்லை. ஆறு. ஏழு. மறுபடி அடித்தான். ஒன்பது.

12827. முள் பூஜ்யத்தில் விழுந்தது.

"இன்னாய்யா?" மீனாட்சியின் குரல்.

"பாப்பா எங்கடி?"

"கீழ வாசல்லதான் கீது. நான் பால்கனில நின்னுக்கினு கீறேன். நீதான காரு அனுப்பிக்கீற? செவப்பா, சின்னதா, மேல கூரையில்லாம. உள்ள மீட்டரு இருக்கற எடத்துல ஓட்டையா கீது. ஓட்டிக்கினு வந்த ஆளத்தான் காணோம்."

"ஏற வுடாத! ஓடிப் போய்ப் புடி!"

"எதுக்கு இப்டி கத்தற? அவதான் ஏறிக் குந்திக்கினாளே..."

கார்க் கதவு சாத்துகிற சத்தம் போனில் கேட்டது. அதே சத்தம் அவன் முதுகுக்குப் பின்னாலும் கேட்டது.

திரும்பினான். ஸ்டாண்டின்மேல் கார். காலி சீட்டு. மீட்டர் இல்லாத ஓட்டை.

போனில் மீனாட்சி அலறினாள். "அய்யோ, சிந்து!"

மேஜைமேல் முள் ஏறியது. முப்பது. அறுபது.

கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டாற்போல ஆவி படர்ந்தது. சட்டையால் துடைத்தான். போகவில்லை. ஆவி உள்பக்கம் இருந்தது.

அதன் நடுவில், உள்ளேயிருந்து, சின்னதாக ஒரு நீல விரல் பதிந்தது.

பக்கத்தில் இன்னொன்று.

பிறகு, ஐந்து விரலும்.