ஒரு தட்டு பிடி, ரெண்டு தட்டு விடு

மூன்று நாளாக நட்டோடு சேர்ந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்த போல்ட்டு, வியாழக்கிழமை மதியம் சுற்றாமல் நின்றது.

டெஸ் ஹாலரன் ஜீப்புக்கு அடியில் சிமெண்ட் தரையில் மல்லாந்து கிடந்தார். வலது கை, டீசல் டாங்கிக்கும், வண்டியின் இரும்புச் சட்டமான சேஸுக்கும் நடுவிலிருந்த இடுக்கில் தோள் வரை நுழைந்திருந்தது. விரல் நுனியில் ஸ்பானர், ஸ்பானரின் வாயில் நட்டு. ஸ்பிரிங்கைப் பிடித்திருந்த போல்ட்டின் தலை சேஸுக்கு அந்தப் பக்கம், பின்சக்கரத்தைக் கழற்றிய இடத்தில் இருந்தது. இந்தக் கையால் நட்டைத் திருப்பினால் அந்தத் தலையை இன்னொரு ஆள் பிடித்தாக வேண்டும். இல்லையென்றால் துருவில் ஒன்றாகிப்போன இரண்டும் சேர்ந்து சுற்றும். அந்த இன்னொரு ஆள் அவருக்கு இல்லை. தலையில் இடுக்கியைக் கவ்வவைத்துப் பார்த்தார். கயிறு கட்டிப் பார்த்தார். முனை மழுங்கிப்போன தலை எல்லாவற்றையும் வழுக்கிவிட்டுவிட்டது.

எரிச்சலில், பழைய பழக்கத்தில், ஸ்பானரால் சேஸை ஒரு தட்டு தட்டினார். ஒரு தட்டு என்றால் பிடி, ரெண்டு தட்டு என்றால் விடு. தம்பி நோயலும் அவரும் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்த முடியாமல் வைத்துக்கொண்ட ஏற்பாடு அது. முப்பத்தாறு வருஷமாக அவர் யாருக்கும் அப்படித் தட்டியதில்லை.

தட்டிவிட்டு மறுபடி திருப்பினார். நட்டு அசையவில்லை. அந்தப் பக்கம் தலையை ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது.

கழுத்தைத் திருப்பி சக்கரத்தின் பக்கம் பார்த்தார். ஆள் நின்றால் கால் தெரிய வேண்டும். வண்டியைத் தாங்கிய பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகள் இரண்டும், அவற்றுக்கு அப்பால் வெயிலில் வெளுத்துக் கிடந்த வெறும் தரையும்தான் தெரிந்தன. துருவில் சிக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். துரு பண்ணாத கூத்தா?

மேசையில் வைத்திருந்த போன் அடித்தது. முனகிக்கொண்டே வெளியே ஊர்ந்து வந்து, கேனிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு எடுத்தார். நோயலின் மகள் கெரின்.

"என்ன பெரியப்பா, போல்ட்டு கழண்டுச்சா, இல்ல நீங்க கழண்டுட்டீங்களா?"

"ரெண்டும் நடக்கும் போலிருக்கு. நீ எப்போ கிளம்புற?"

"எங்க கிளம்புறது? இங்க மேல செம மழை. ஓடையெல்லாம் நிறைஞ்சு ரோட்டை மூடிட்டாங்க. ஞாயித்துக்கிழமை திறந்தா பெரிய விஷயம். ரோட்ஹவுஸ் ஓட்டல் நடத்துற டோரிகூட கதவைச் சாத்திட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டாளாம். உங்க ஊர்ல இப்போ நீங்களும் ஈயும்தான்."

"ஈ நல்லாத்தான் பேச்சுத்துணைக்கு ஆகுது."

"வெளையாடாதீங்க. தனியா அடியில படுத்து வேலை பாக்காதீங்க, நான் வந்து கழட்டிக்கிறேன். அப்புறம் இன்னொண்ணு, அந்த நட்டை அறுத்து எறிஞ்சிடாதீங்க. அப்பா கை வச்ச எதையும் அறுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரிம்மா."

"யாரு பெரியப்பா அங்க? பக்கத்துல தட்டுறாங்க?"

டெஸ் திரும்பிப் பார்த்தார். கொட்டகை காலியாக இருந்தது. "கூரைத் தகரம்" என்றார். "வெயில்ல பொரியுது."

கெரினுக்கு அப்பா முகம் நினைவில்லை. அவன் செத்தபோது அவளுக்கு இரண்டு வயது. சுரங்கத்தில் மெக்கானிக்காக இருக்கிறாள். போன மாதம் எந்தப் பண்ணைக் குப்பையிலிருந்தோ அப்பா கடைசியாகப் போன இந்த ஜீப்பைத் தேடிப் பிடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, பிறந்தநாள் பரிசு மாதிரி அவர் கொட்டகையில் இறக்கினாள். இருவருமாக இதை ஓட வைக்க வேண்டுமாம். அப்பா செத்த உப்பு ஏரிக்கு இதிலேயே போய் ஒரு சிலுவை நட வேண்டுமாம். முகமெல்லாம் சிரிப்பாக நின்றவளிடம் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

முதல் நாளே கைவிளக்கை அடித்துப் பார்த்தபோது அதைக் கண்டார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைக்குப் பின்னால், சேஸின் உள்புறத்தில், உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்னப் பள்ளங்கள். ஸ்பானர் முனையால் தட்டித் தட்டி விழுந்தவை. நூறு இருக்கும், இருநூறும் இருக்கும். அடியில் மல்லாந்து கிடப்பவனின் இடது கை எட்டுகிற இடம் அது. கெரின் விவரமானவள். ஸ்பிரிங் இறங்கியதும் பார்ப்பாள். பார்த்தால் கணக்குப் போடுவாள். வண்டி மேலே விழுந்த நொடியே செத்துப்போனவன் எப்படி இத்தனை தட்டு தட்டினான் என்று கேட்பாள்.

ஏனென்றால் டெஸ் போலீசிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். விழுந்ததுமே போயிட்டான், ஒரு சத்தமும் இல்லை என்று.

அன்று ஸ்பிரிங் உடைந்து நடு உப்பில் வண்டி நின்றது. நோயல் அடியில் படுத்தான். ஜாக்கி மேலாக இருந்த சேற்றில் புதைந்து சாய்ந்து, சேஸ் அவன் வலது கை மேல் உட்கார்ந்தது. அவன் சாகவில்லை, கெட்ட வார்த்தையாகக் கொட்டினான். மண்வெட்டியை வீட்டில் மறந்துவிட்டு வந்தது டெஸ். நகம் பிய்யத் தோண்டியும் சேற்றுக்கு அடியில் களிமண் பாறையாக இருந்தது. தண்ணீர் ஒரே ஒரு கேன். மதியம் அவர் எழுந்து நின்று, "ஆள் கூட்டிக்கிட்டு வரேன்டா. வண்டியை விட்டு எங்கயும் போகாதே" என்றார். அந்தப் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் சொல்லித்தரும் புத்தி அது, வாயில் தானாக வந்துவிட்டது. நோயல் சிரித்தான். "எங்கண்ணே போறது, கையைக் கழட்டி வச்சுட்டா?" என்றான்.

பாதித் தண்ணீரை ஊற்றி வைக்க அவன் தொப்பியை எடுத்தார். எடுத்தவர் வெள்ளையாக நீண்டு கிடந்த ஏரியைப் பார்த்தார். தொப்பியைக் கீழே வைத்துவிட்டு, மூடியைத் திருகி, கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பின்னால் சேஸில் ஒரு தட்டு கேட்டது. சிறிது நேரம் கழித்து இன்னொரு தட்டு. அவர் திரும்பவில்லை. அந்த வெறும் நிலத்தில் சத்தம் ரொம்ப தூரம் வரும். மூன்றாம் நாள் ஆட்களோடு அவர் வந்தபோது அது நின்றிருந்தது. அந்த வெட்கம் அவரை விட்டு ஒரு நாளும் போனதில்லை. ஆனால் வெட்கத்தோடு சாப்பிடலாம், தூங்கலாம், பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்க்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிருந்தது.

கெரின் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். மூன்று நாள் கிடைத்திருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, ஸ்பிரிங்கை இறக்கி, கிரைண்டரால் அந்தப் பள்ளங்களைத் தேய்த்துத் தார்ப் பூச்சு அடித்துவிட்டால் முடிந்தது. டெஸ்ஸுக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுபடி படுப்பதற்கு முன் ஜீப்பைச் சுற்றிக்கொண்டு சக்கரத்தின் பக்கம் போனார். போல்ட்டின் தலையில் ஒரு வளைய ஸ்பானர் மாட்டியிருந்தது. கைப்பிடியில் பச்சைத் துணி சுற்றிய, ஓரம் உடைந்த பழைய ஸ்பானர். நோயலுடையது. வண்டியோடு வந்த கருவிப் பெட்டியில், மூடிய பெட்டியில், அது கிடந்ததை அவர் பார்த்திருந்தார். தொட்டதில்லை.

தொட்டுப் பார்த்தார். நெருப்பாகக் கொதிக்கும் அந்தக் கொட்டகையில் ஸ்பானர் மட்டும் ஈரமாகவும் சில்லென்றும் இருந்தது. விரலை முகர்ந்தார். உப்புச் சேற்று வாடை.

நானேதான் மாட்டியிருப்பேன், வயசாகிவிட்டது என்று சத்தமாகச் சொன்னார். அறுபத்தெட்டு வயதில் மனுஷன் எதையும் மறக்கலாம். ஓடிவிடலாம் என்றும் தோன்றியது. ஓடினால் ஞாயிற்றுக்கிழமை கெரின் வந்து தானே ஸ்பிரிங்கை இறக்குவாள். அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்தார். அது இதைவிடப் பயமாக இருந்தது.

தண்ணீர்க் கேனை ஜீப்பின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு அடியில் ஊர்ந்தார். கையை இடுக்கில் நுழைத்தார். நேற்று நட்டைக் கேஸ் நெருப்பில் காய்ச்சியபோது கருகிய எண்ணெயின் வாடையும், எலிப்புழுக்கை வாடையும், சேஸுக்குள் இத்தனை வருஷம் அடைந்து கிடந்த ஏரிச் சேற்றின் வாடையும் முகத்தில் இறங்கின. மேலே தகரம் பொரிந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு ஈ. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியது. ஸ்பானரை எடுத்து, வேண்டுமென்றே, ஒரு தட்டு தட்டினார்.

அந்தப் பக்கம் இரும்போடு இரும்பு உரசி இறுகியது.

டெஸ் திருப்பினார். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, தோள் கழன்றுவிடும்படி திருப்பினார். யார் பிடிக்கிறார்கள் என்று பார்க்கக்கூடாது, கழன்றால் போதும். துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நட்டு விட்டுக்கொடுத்தது. கால் சுற்று, அரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பக்கத்துப் பிடி அவரோடு ஒத்துப்போனது. அவர் தளர்த்தினால் தளர்த்தியது, இழுத்தால் இறுகியது. அவ்வளவு அழகாகச் சேர்ந்து வேலை செய்ய உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். தன் கண்ணில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போவதை உணர்ந்தார்.

நட்டு கழன்று அவர் மார்பில் விழுந்தது.

இனி போல்ட்டைச் சுத்தியலால் அடித்து வெளியே தள்ள வேண்டும். சுத்தியலுக்காகக் கையை இன்னும் வெளியே எடுக்கவில்லை. அதற்குள் போல்ட்டு நகர்ந்தது. அதுவாக. அந்தப் பக்கமாக. மெல்ல, கிறீச்சிட்டு, நூல் நூலாக உள்ளே போனது. துளையிலிருந்து சாம்பல் நிறச் சேறு வழிந்தது. ஈரச் சேறு. முப்பத்தாறு வருஷமாகக் காய்ந்த சேறு ஈரமாக இருந்தது.

போல்ட்டு வெளியே போய்விட்டது. அதைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. போடும் சத்தம் இல்லை, வைக்கும் சத்தம். பதமாக.

பிறகு தட்டு.

ஒன்று. இரண்டு.

விடு.

தட்டியது அவர் இல்லை. கையை இழுத்தார். சட்டைக் கை டாங்கியின் விளிம்பில் மாட்டியது. இழுத்தார். சக்கரத்தின் பக்கம் ஏதோ உரசியது. சிமெண்டின் மேல் மரம். கழுத்தைத் திருப்பினார். ஸ்லீப்பர் கட்டை நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே கால் இல்லை. கை இல்லை. கட்டை மட்டும். விரல் அளவு. சாண் அளவு.

"நோயல்" என்றார். "டேய். டேய், தம்பி."

கட்டை போய்விட்டது. ஜீப் உட்கார்ந்தது.

வலி உடனே வரவில்லை. முதலில் சத்தம், பிறகு தூசி, பிறகு தகரத்தின் பொரியல். வலது கை தோளுக்குக் கீழே எங்கேயோ முடிந்துபோயிருந்தது. மேசையில் போன் அடித்தது. கெரினாக இருக்கும். அடித்து அடித்து ஓய்ந்தது.

அவர் முகத்துக்கு நேரே, ஒரு கை தூரத்தில், தண்ணீர்க் கேன் நின்றது. இடது கையை நீட்டினார். விரல் நுனி பிளாஸ்டிக்கைத் தொட்டது.

கேன் தரையை விட்டு எழும்பியது. உள்ளே தண்ணீர் ஒருமுறை அலம்பியது. மூடி இறுகத் திருகும் சத்தம்.

"ஆள் கூட்டிக்கிட்டு வரேண்ணே" என்றது ஒரு வறண்ட குரல். நோயல் செத்தபோது இருந்த முப்பத்தொரு வயதுக் குரல். "வண்டியை விட்டு எங்கயும் போகாதே."

காலடிகள் போயின. சிமெண்டில் ஈரமாக, பிறகு சரளையில், பிறகு வெறும் மண்ணில். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் அலம்பியது. அந்தச் சத்தம் ரொம்ப தூரத்துக்குக் கேட்டது.

அது கேட்காமல் போன பிறகு, டெஸ் இடது கையால் தரையைத் துழாவி ஸ்பானரை எடுத்தார். தலைக்கு மேலே அந்தப் பள்ளங்கள் தெரிந்தன. கை சரியாக அங்கேதான் எட்டியது. அவற்றின் பக்கத்தில், காலியாக இருந்த இடத்தில், ஒரு தட்டு தட்டிவிட்டுக் காத்திருந்தார்.