தோல் சுற்றாத மணி

சாயங்கால மணியை அடித்துவிட்டுப் பாதி மலை இறங்கிய பிறகுதான் இருதயராஜுக்கு உறைத்தது, மணி கணீரென்று கேட்கவேயில்லை. ஈரத்தோலைத் தரையில் போட்ட மாதிரி சத்தம் பொத்தென்று விழுந்திருந்தது.

விஷக்காய்ச்சலில் செத்தவர்கள் நினைவாக வேலூர் மலைமேல் கட்டிய கோபுரம் அது. ஊரில் யாராவது இறந்தால் மணியின் நாக்கில் எருமைத்தோலைச் சுற்றி, சத்தத்தை அடக்கி அடிப்பது வழக்கம். காலையில்தான் தேவசகாயத்தின் சாவுக்கு அடித்திருந்தான். தோலை அவிழ்க்காமல் விட்டுத் தொலைத்திருப்பான், வேறென்ன? ராத்திரியெல்லாம் மனைவி சவுரியம்மாளின் நெற்றியில் ஈரத்துணி, பகலெல்லாம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி. மனுஷ உடம்பு எவ்வளவுதான் தாங்கும்?

பக்கத்து வீட்டு ஹயாத் பாஷா மூச்சிரைக்க எதிரே ஏறி வந்தார்.

"இன்னாப்பா, சாவு மணி அடிக்கிற? உன் சம்சாரம் கண்ணத் தொறந்து, 'எனக்கா அடிக்கிறாரு'ன்னு கேட்டுச்சு. என் வூட்டுக்காரி எவ்ளோ சொல்லியும் நம்பல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிச்சு."

"ஐயோ பாய்! தோல அவுக்க மறந்துட்டேன்."

"இன்னிக்கு ராத்திரி தாண்டிட்டா பொழைச்சுக்கும்னாரே டாக்டரு. மனச வுட்டுடப் போவுது. ஓடு, நல்லா அடிச்சுக் காட்டு. நான் அங்க இருக்கேன்."

மறுபடி மலையேறினான். இருட்டிக்கொண்டு வந்தது. கீழே ஊரிலிருந்து, தோல் தொட்டிகளில் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் ஊறும் நாற்றம் காற்றோடு மேலேறி வந்து, கோபுரத்துக்குள் வௌவால் எச்ச வாடையோடும் துருவோடும் கலந்து தொண்டையை அடைத்தது. பாவி மனுஷி, கொஞ்சம் பொறுத்துக்கோ, இதோ அடிக்கிறேன் என்று முணுமுணுத்தபடி உள்ளே நுழைந்தான்.

எருமைத்தோல் மூலையில் சுருண்டு கிடந்தது. அவிழ்த்துத்தான் வைத்திருக்கிறான்.

கயிற்றை இழுத்தான்.

பொத்.

அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். இன்னும் பலமாக இழுத்தான். பொத். அழுகை வந்தது. கோபம் வந்தது. மொத்த உடம்பையும் போட்டு இழுத்தான்.

பொத்.

மேலே ஏதோ முனகியது. புறாவாக இருக்கும். புறாதான்.

ஏணியில் ஏறினான். நாக்கைத் தடவினான். வெறும் இரும்பு. மணியின் உட்பக்கத்தைத் தடவினான். சில்லென்றிருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே.

சுட்டது.

விரல்கள். காய்ச்சலில் கொதிக்கும் விரல்கள். ராத்திரியெல்லாம் அவன் பிடித்துக்கொண்டிருந்த விரல்கள். நசுங்கியிருந்தன. அவன் கையை இறுகப் பற்றிக்கொண்டன.

"அடிக்காதீங்க," என்றாள் சவுரியம்மாள், இருட்டுக்குள்ளிருந்து. "வலிக்குது."

"அடிக்கல... இனிமே அடிக்கல தாயி."

கீழே கயிறு விறைத்தது.

ஹயாத் பாஷா எப்போதோ இறங்கிப் போய்விட்டார். கோபுரத்தில் வேறு யாருமில்லை. நாக்கு அசைந்தது. இருதயராஜ் மற்ற கையால் அதைக் கட்டிப் பிடித்தான். கீழே நிதானமாக, பழகிய கை இழுப்பதுபோல், கயிறு இறங்கியது. இரும்பு அவனையும் இழுத்துக்கொண்டு அந்த விரல்களை நோக்கி நகர்ந்தது.