கடைசிப் பக்கத்துச் சிவப்பு

கோப்பிக் குவளையைத் தட்டிவிட்டது கபிலனின் சொந்த முழங்கைதான். பழியைப் பங்கு போட்டுக்கொள்ள வீட்டில் ஒரு பூனைகூட இல்லை. மனைவி சுஷ்மிதா வேலைக்குப் போயிருந்தாள். சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்கில், பதினோராவது மாடி வீட்டில், பிற்பகல் மூன்று மணிக்கு, குவளைக் கோப்பி முழுவதும் சிவமணி அம்மையாரின் கடைசி நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் நிதானமாகப் பரவி, ஓரம்வரை போய், தரையில் சொட்டியது.

சிவமணி சலங்கையும் ஒப்பனையும் இல்லாமல், வெறுங்காலோடு, பாட்டுகூட வைக்காமல் தனியாக ஆடியவர். அரை நூற்றாண்டுக்கு முன் அவருடைய முதல் நிகழ்ச்சியில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்களாம். மீதிப் பேர் அதைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசினார்களாம். லிட்டில் இந்தியாவில் ஒரு மசாலைக் கடையின் மேல்மாடியில், மரத்தரையில்தான் அவர் பயிற்சி. அதனால், வருடத்துக்கு ஒன்றாக அவர் எழுதிய பதினொரு நாட்குறிப்பு நோட்டுகளிலும் வறுத்த மிளகாய் வாசம் இன்னும் போகவில்லை. அவற்றைத் தட்டச்சு செய்து புத்தகமாக்கித் தரும்படி கபிலனிடம் ஒப்படைத்தவர் அவருடைய மாணவி உமாமகேஸ்வரி. எழுபது தாண்டியவர். மாதம் ஒருமுறை டப்பா நிறைய முறுக்கோடு வந்து, நோட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நடன அசைவுகள் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். நீலம், சிவப்பு. நீலம் இடது கால், சிவப்பு வலது கால் என்று முன்னுரையில் கபிலன் பேராசிரியர் தோரணையில் எழுதியும்விட்டான். சரிதானா என்று உமாமகேஸ்வரியிடம் மூன்று முறை கேட்டிருக்கிறான். ஒருமுறை முறுக்கு எப்படி என்றார். ஒருமுறை மழை வரும்போல என்றார். மூன்றாம் முறை, முதலில் டைப் பண்ணி முடிங்க லா, என்றார்.

கோப்பியை ஒற்றி எடுத்த பிறகு நீலப் புள்ளிகள் பிழைத்திருந்தன. சிவப்பு ஒன்றுகூட இல்லை. மொத்தமும் கோப்பியில் கரைந்துவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். முறுக்கு கொண்டுவரும் கிழவியிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. அவன் மனம் மெத்தென்றது, தைரியம் அதைவிட மெத்தென்றது. ஆகவே ஒரு சிவப்புப் பேனா வாங்கினான். வலது கால் எங்கெங்கே விழும் என்று நம்பும்படி வரைய வேண்டுமே. தன் கல்யாண விருந்தில் மனைவியின் காலை மிதித்ததைத் தவிர வேறு நடன அனுபவம் இல்லாத அந்த மனிதன், வாசல் கதவிலிருந்து சமையலறை வழியாகச் சாப்பாட்டு மேசைவரை இடுப்பை வளைத்து நடந்து, தன் வலது கால் பட்ட இடங்களைப் பக்கத்தில் குறித்துக்கொண்டான். பன்னிரண்டு புள்ளிகள். பன்னிரண்டாவது, அவன் உட்காரும் நாற்காலியின் முன்னால்.

மறுநாள் மூன்று மணிக்கு வாசலருகே ஈரக்கால் ஒன்று தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. மெதுவாக, கனமாக, நான்கு முறை. மேல்வீட்டில் தரை துடைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டான். அன்று மாலை சுஷ்மிதா செருப்பைக் கழற்றியதும் கீழே பார்த்தாள்.

"ஈரக் காலோட நடக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

அவன் அன்று நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதைச் சொல்லாமல் தரை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டான்.

அதற்கடுத்த நாள் எட்டு முறை. எட்டாவது, சமையலறைக்குள். பளிங்குத் தரையில் நனைந்த மரத்தின் வாசனை. வறுத்த மிளகாய். கபிலன் தன்னை அறியாமல் எண்ணினான். மூன்றாவது அடிக்குப் பின் நின்று, ஒரு சுற்று சுற்றி, நான்காவது. அந்தச் சுற்று நடனமே அல்ல. வாசலோரம் வைத்திருந்த அரிசி வாளியில் இடித்துக்கொள்ளாமல் இருக்க அவன் வளைந்த வளைவு.

மூன்றாம் நாள் காலையிலிருந்தே மழை. நோட்டுகளை முதலிலிருந்து புரட்டினான். முதல் நோட்டில் சிவப்புப் புள்ளிகள் பக்கத்தின் ஓரத்தில் இருந்தன. ஐந்தாவதில் நீலத்துக்குப் பக்கத்தில். ஒன்பதாவதில் ஒட்டிக்கொண்டு. யாருடைய வலது காலும் இடது காலிடம் வந்து சேரப் பத்து வருடம் எடுத்துக்கொள்ளாது. நடுவே சிவமணியின் கையெழுத்து: 'நான் மிதிக்கும் முன்பே தரை சூடாக இருக்கிறது.' கடைசி நோட்டில்: 'இனி எழுதமாட்டேன்.' எழுத்தாளருக்கு ஓய்வு என்று, முதலில் படித்தபோது அவன் சிரித்திருந்தான். நோட்டுக்குள் இருந்த முதுமைக்காலப் படத்தில் அம்மையார் நாற்காலியில் இரண்டு கால்களையும் முக்காலியின் மேல் தூக்கி வைத்திருந்தார். நரம்புச் சுருள் வியாதி என்று அதற்கும் அவனிடம் ஒரு கிண்டல் இருந்தது.

மணி இரண்டு ஐம்பத்தெட்டு. உமாமகேஸ்வரிக்குப் போன் போட்டான்.

"ஆன்ட்டி, ஒரு தப்பு பண்ணிட்டேன். கோப்பி கொட்டிட்டேன். கடைசிப் பக்கத்துல செவப்பு அழிஞ்சு போச்சு. நானே வரைஞ்சு வச்சுட்டேன்."

மணி மூன்று.

வாசலில் ஒன்று. இரண்டு. மூன்று. சுற்று. நான்கு.

"ஆன்ட்டி, செவப்பு வலது கால்தானே?"

ஐந்து. ஆறு. ஏழு. சமையலறை. மிளகாய் நெடி தொண்டையில் ஏறியது. எட்டு.

"சிவமணி அக்காவோட ரெண்டு காலும் நீலந்தான், தம்பி." குரல் தாழ்ந்திருந்தது. "செவப்பு, அவங்களுக்குப் பின்னால நின்னு ஆடின இன்னொண்ணு."

ஒன்பது.

"கடைசிப் பக்கத்துல செவப்பே கெடையாது. அதுக்கு எடம் எழுதிக் குடுக்குறத நிறுத்தவே அவங்களுக்கு அத்தன வருஷமாச்சு."

பத்து. மேசையின் அந்தப் பக்கம். யாரும் இல்லை. தரையில் ஈரம்.

"கபிலன், கடைசிப் புள்ளிய எங்க வச்சீங்க?"

பதினொன்று.

கால்களைத் தூக்கினான். இடது கால் வந்தது.

வலது பாதத்தின் மேல், விரலோடு விரல் பொருந்த, சூடாக, ஈரமாக, ஒரு பாதம் ஏறி நின்றது.