ஆள் அசைந்தால் எரியும்

பவுலின் அரிசி களைந்துகொண்டிருந்தபோது நடையில் விளக்கு எரிந்தது.

விளக்கு தானாக எரிவது அந்த வீட்டில் அதிசயமில்லை. ஒவ்வோர் அறையிலும் கூரையை ஒட்டிய மூலையில், பாதி முட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு வெள்ளைக் குமிழ் இருந்தது. ஆள் அசைந்தால் அது கண்டுகொள்ளும், விளக்கு எரியும். அசைவு நின்றால் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். அவள் கணவன் எரிக் வேலை பார்த்த பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனியில் செய்கிற சாமான் அது. கல்யாணத்துக்கு முன்பே வீடு முழுக்கத் தன் கையாலேயே பொருத்தியிருந்தான். அல்சூர் ஏரிக்குப் பின்புறச் சந்தில், ரயில் பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் கோத்த பழைய வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள், ஜன்னலே கிடையாது. பகலிலும் விளக்கு வேண்டும்.

ஆனால் அப்போது வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள். முன்கதவு தாழிட்டிருந்தது.

கை தண்ணீருக்குள் இருக்க, அவள் திரும்பிப் பார்த்தாள். காலி நடை. சுவரில் ஈரம் பூத்த சுண்ணாம்பு வாசனை, எங்கோ ஒரு குழாய் சொட்டும் சத்தம், அத்தனையும் வழக்கம்போல. நடை விளக்கு அணைந்தது. அதை அடுத்த சாப்பாட்டு அறையில் எரிந்தது. அதுவும் அணைந்து படுக்கையறையில் எரிந்தது. யாரோ சாவகாசமாக வீட்டைச் சுற்றிப் பார்ப்பதுபோல வெளிச்சம் வாசல் பக்கமாக நகர்ந்து போனது.

எரிக் வந்ததும் சொன்னாள்.

"பல்லியா இருக்கும்" என்றான். "எலி போனாக்கூட எரியும். பேஜார் பண்ணிக்காத."

சொன்னபோது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலிருந்த குமிழைப் பார்த்தான்.

அதன்பிறகுதான் அவனிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்தாள். ஏற்கெனவே விளக்கு எரிகிற அறைக்குள் எரிக் தனியாக நுழைவதில்லை. வாசற்படிக்கு வெளியே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, விளக்கு அணையும்வரை நிற்பான். அணைந்த பிறகே உள்ளே கால் வைப்பான். ஒருநாள் குளியலறைக்குப் போகிற வழியில் அப்படி வெகுநேரம் நின்றான். கேட்டதற்கு, சும்மா ஏதோ யோசனை என்றான்.

அவளும் அதற்குமேல் தோண்டவில்லை. தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் வேலை போய் அப்பா வீட்டோடு உட்கார்ந்த பிறகு, அவளுக்கு வந்த வரன்களெல்லாம் வாசலோடு திரும்பிப் போயின. எரிக் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. "பொண்ணு வந்து என்கூட இருந்தா போதும்" என்றான். அம்மா அன்றே கோயிலுக்குப் போய் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்படிப்பட்டவனை விளக்கு விஷயத்துக்காகச் சந்தேகப்படுவதா என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

பகலில் அவள் மேசை விரிப்புகளுக்குப் பூ வேலை தைப்பாள். முன்னறை நாற்காலியில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தால், ஊசி போடும் விரலசைவு அந்தக் குமிழுக்குப் போதாது. விளக்கு பட்டென்று அணைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் தலைக்கு மேல் கையை வீச வேண்டும். யாருமில்லாத இடத்தில் யாருக்கோ டாட்டா காட்டுவதுபோல இருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பு வரும்.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் அந்தத் தொல்லை நின்றுபோனது. ரோஜா இதழ் ஒன்றை முழுதாக நிரப்பி நிமிர்ந்தபோதும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"முன்ரூம் லைட்டைச் சரி பண்ணிட்டீங்களா?" என்று சாப்பாட்டின்போது கேட்டாள். "இப்பல்லாம் கையை ஆட்டாமலே எரியுது."

எரிக்கின் கை தட்டிலேயே நின்றது. "எத்தனை நாளா?"

"மழை ஆரம்பிச்சதுலேருந்து."

அவன் தலையாட்டினான். பிறகு இன்னொரு கரண்டி சாதம் போடச் சொன்னான். அன்று எரிகிற விளக்குகளுக்கு நடுவே ஒருமுறைகூட நிற்காமல், சீட்டி அடித்தபடி பின்கட்டுவரை போய்க் கை கழுவிவிட்டு வந்தான். கல்யாணமானதிலிருந்து அவன் சீட்டி அடித்து அவள் கேட்டதில்லை.

அந்த வாரக் கடைசியில் அவன் அக்கா சோஃபியா சந்தாபுராவிலிருந்து வந்தாள். ஆட்டோவை நிறுத்தி வைத்துவிட்டு, குடையோடு கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க அண்ணி, நனையறீங்களே."

"வேணாம்மா. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். எரிக் இன்னையிலேருந்து எங்க வீட்ல தங்கறதா போன் பண்ணான். நீ வரலையாமே. இந்த வீடு உனக்குப் பிடிச்சுப்போச்சுன்னு சொன்னான்."

பவுலினுக்கு அவள் சொல்வது விளங்கச் சற்று நேரமானது. "என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே அண்ணி."

சோஃபியாவின் முகம் மாறியது. "நீ தைக்கிறப்போ லைட் அணையுதா?"

"முன்னாடி அணையும். இப்ப இல்ல."

கேட்டின் மேல் வைத்திருந்த கையை சோஃபியா எடுத்துக்கொண்டாள். ஓரடி பின்னால் போனாள்.

"உன்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் கட்டிக்கிட்டேன்னு சத்தியம் பண்ணான்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "எங்க அம்மா இருந்தவரைக்கும் அது அம்மாகூட இருந்துச்சு. அம்மா போனப்புறம் அவன்கூட. வேற ஒருத்தரைப் பிடிச்சுட்டா பழைய ஆளை விட்டுடும். எந்த ரூம்ல இருக்குன்னு தெரியத்தான் அவன் லைட்டே போட்டான்."

"எது அண்ணி?"

 சோஃபியா பவுலினின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "ஜெபம் பண்ணும்மா" என்றவள் ஆட்டோவில் ஏறிவிட்டாள். சந்து திரும்பும்வரை அவள் தலையைத் திருப்பவேயில்லை.

பவுலின் உள்ளே போனாள். பீரோவைத் திறந்தாள். அவன் பக்கம் காலி. சட்டைகள் இல்லை, சூட்கேஸ் இல்லை, சவர சாமான் இல்லை. காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பாவை மட்டும் மேசையிலேயே விட்டுப் போயிருந்தான். அவள் அடுப்படியில் நின்று தோசை வார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் இத்தனையையும் அடுக்கியிருக்க வேண்டும். சூட்கேஸை முன்னாலேயே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு, போகும்போது தெருவில் வெறுங்கையோடு நின்று கையசைத்தானே என்று நினைத்துக்கொண்டாள். வந்து என்கூட இருந்தா போதும். அவன் பொய்கூடச் சொல்லியிருக்கவில்லை.

முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தாள். சோஃபியா சொன்னது பொய்யாக இருந்துவிட்டால் போதும். சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதான். கைகளை மடியில் வைத்தாள். மூச்சை மெதுவாக்கினாள். அசையாமல் இருந்தாள். மழை ஓட்டின் மேல் இரைந்தது. சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை. நாள்பட்ட எண்ணெய். தலையணை உறையில் ஊறிப்போகுமே, அந்த வாசனை.

விளக்கு அணையவில்லை.

அசையவில்லை அவள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

எரிந்துகொண்டே இருந்தது.

வாசலில் கேட் கிறீச்சிட்டது. எழுந்து ஓடிக் கதவைத் திறந்தாள். மழை விட்டு, இருட்டுகிற நேரம். கேட்டுக்கு வெளியே சூட்கேஸோடு எரிக் நின்றான். ஓடி வந்தவளைக் கண்டதும் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தான்.

"அங்கேயே நில்லு பவுலின். கிட்ட வராத."

வாசல் விளக்கும் அதே மாதிரிதான். அவள் வந்ததும் தலைக்கு மேல் எரிந்தது.

"ஏங்க, என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"ஆடாம நில்லு. கொஞ்ச நேரம். இதை மட்டும் பாத்துக்கறேன்."

நின்றாள். அவன் சொன்னால் கேட்டே பழகிய உடம்பு, இப்போதும் கேட்டது. அவன் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்துக் கோயிலில் மணி அடித்து ஓய்ந்தது. ஒரு பஸ் ஏரிக்கரையில் போனது. விளக்கு எரிந்தது. எரிந்தது. எரிக்கின் கண்களில் நீர் திரண்டு கன்னத்தில் வழிந்தது. வாய் சிரித்தது.

"உன்கூடத்தான் இருக்கு" என்றான். சிலுவை போட்டுக்கொண்டான். "கர்த்தருக்குத் தோத்திரம்."

"எரிக்."

அவனைப் பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டான். நடந்தான். பிறகு ஓடினான். ஈரச் சந்தில் அவன் செருப்புச் சத்தம் தேய்ந்தது.

பின்னால் வீடு முழுக்க இருட்டு. எந்த அறையிலும் வெளிச்சமில்லை. அவள் தலைக்கு மேல் மட்டும்.

பவுலின் அசையவில்லை. விரல் அசையவில்லை. மூச்சு இல்லை. அணைந்துவிடு. அணைந்துவிடு.

முதுகில் தொங்கிய அவள் பின்னலை யாரோ மெதுவாகத் தூக்கினார்கள். ஈரத்தில் ஒட்டியிருந்த முடிகளை ஒவ்வொன்றாகக் கழுத்திலிருந்து விலக்கினார்கள். பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டு, மார்பின் மேல் நேராக்கி, ஒருமுறை தடவிக்கொடுத்தார்கள்.