குறை தெரியாத ரத்தம்

"குறை ஏதும் இல்லை" என்று மரபிழைகளைச் சோதிக்கும் இழைநோக்கி இயந்திரம் மூன்றாம் முறையும் சொன்னபோது நாகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வந்திருப்பது தீவிர ரத்தப் புற்றுநோய் என்பது உறுதி. ரத்த அணுவின் மரபிழைகளில் உடைப்பு எங்கே என்று தெரிந்தால் அதற்கென்றே மருந்து உண்டு. நாற்பது நாளில் வேலைக்குத் திரும்பலாம். தெரியாவிட்டால் பழைய மருந்துகள்தான், பிழைத்தால் உண்டு. தனக்குக் குறை இருக்க வேண்டும் என்று ஜனங்கள் கோயிலில் நேர்ந்துகொள்ளும் காலம் அது.

இத்தனைக்கும் ஈரோட்டு ஆய்வகத்தில் அந்த இயந்திரத்தை ஆறு ஆண்டுகளாக இயக்குபவளே அவள்தான்.

"எம் மேல இதுக்கு என்ன கோவமோ, டாக்டர்!"

டாக்டர் இம்தியாஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது எதோட ஒப்பிடுதும்மா?"

"சீர்மாதிரியோடதானுங்க. நோயில்லாத ஒருத்தரோட ரத்தம். மாசாமாசம் புதுசா ஒரு சொட்டு..." பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

ஊசி என்றால் மற்றவர்கள் நழுவிவிட, அந்தச் சொட்டை இத்தனை நாளும் கொடுத்து வந்தவளும் அவளேதான். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இயந்திரம் பாவம், அவளை அவளோடே ஒப்பிட்டுவிட்டு எல்லாம் சரி என்றிருக்கிறது.

புதுச் சீர்மாதிரிச் சொட்டுக்கு டாக்டர் தன் விரலை நீட்டினார். பத்து நிமிடத்தில் திரை சிவந்தது. எட்டாம் இழையும் இருபத்தொன்றாம் இழையும் துண்டு மாற்றிக்கொண்டிருந்தன. எளிதில் குணமாகும் உடைப்பு. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

அடுத்த நொடியே அந்தப் பால் திரிந்தது. போன மாதச் சொட்டிலும் இது இருந்திருக்குமே, அதோடு ஒப்பிட்ட மற்றவர்களுக்கும் இது மறைந்திருக்குமே? பழைய பதிவுகளை டாக்டரின் ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். இதே உடைப்புள்ள ஐந்து நோயாளிகளுக்குக் குறை இல்லை என்று சீட்டு போயிருந்தது. நல்லவேளை, ஐந்து பேரும் உயிரோடு இருந்தார்கள்.

முதல் அழைப்பில் தானே பேசுவேன் என்று நாகேஸ்வரி பிடிவாதம் பிடித்தாள். மறுமுனையில் அந்த ஐவரில் ஒருவரான சென்னிமலை பொன்னுச்சாமி.

"ஐயா, உங்க ரத்தத்துல குறை இருக்குதுங்க. மருந்தும் இருக்குதுங்க."

"ஏ புள்ள, நமக்கும் குறை இருக்குதாமா!" என்று மனைவியைக் கூவி அழைத்தார். "எந்த மகராசி கண்டுபுடிச்சாளோ, அவ நூறு வருசம் நல்லா இருக்கோணும்!"

நூறு வருடம் என்ற சொல் நாகேஸ்வரிக்கு இனித்தது. வாழ்த்தை முதலில் வாங்கிக்கொண்டாள். பிறகுதான், இத்தனை நாள் அவர் குறையை மறைத்து வைத்திருந்ததும் தன் ரத்தமே என்பதைச் சொன்னாள்.