விரலை மடக்கக் கூடாது

கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மத்தியானம்தான். ஆனாலும் பனி இறங்கி, எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை.

எங்கள் பையன் சுப்புராயன் நாலு வயதில் காய்ச்சலில் போனதிலிருந்து நான் வருஷா வருஷம் இங்கே வருகிறேன். காட்டுக்குள் ஜன்னலே இல்லாத ஒரு கல் வீடுதான் கோயில். உள்ளே சிலை கிடையாது, விளக்கு கிடையாது. சுவரில் கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. செத்த பிள்ளைகளை அந்தச் சாமி வைத்துக் காப்பாற்றுகிறது என்பார்கள். ஓட்டைக்குள் கையை விட்டு வேண்டிக்கொண்டு வர வேண்டும்.

இந்த வருஷம் என் வீட்டுக்காரர் ஆதிமூலமும் கூடவே வந்தார். எங்கள் ஊர் வடக்கனந்தல் டீக்கடையில் சாமி இல்லை என்று தினமும் தொண்டை கிழியப் பேசுகிற மனுஷன்.

"இத்தினி வருசத்துல ஒரு தடவயாவது உன் கையில ஏதாவது பட்டிச்சா?"

"இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்த நம்பிக்கினு வர்ற?"

"கையில பட்டுட்டா அப்புறம் நம்பறதுக்கு இன்னா இருக்குது?"

"நல்லாப் பேசற. நான் கை வுடறேன். ஒண்ணும் இல்லன்னா இனிமே நீ இங்க வரக் கூடாது."

வீம்புக்குச் சரி என்றுவிட்டேன். பிறகுதான் உறைத்தது. என் பிள்ளைக்கென்று எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஓட்டை ஒன்றுதான்.

கோயிலில் பூசாரி இருசப்பன் வழக்கமாகச் சொல்வதை அவரிடமும் சொன்னார். "வெரல விரிச்சே வச்சிக்குங்க. மடக்கக் கூடாது. மடக்கினா உள்ள இருக்கறது கூட வந்துரும்."

இவர் சிரித்துக்கொண்டே மணிக்கட்டு வரை விட்டார்.

சிரிப்பு நின்றது.

அதுவரை கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகளும் நின்றன.

அவர் முன்கை நரம்பு மெல்லப் புடைத்தது. உள்ளே விரலை மடக்கிவிட்டார்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல." கையை எடுத்தார். வெறுங்கைதான்.

இருசப்பன் ஒரு கல்லைத் தூக்கி வந்து ஓட்டையை அடைத்தார். "இனிமே நீ வர வேணாம்மா" என்றார் என்னிடம்.

திரும்பும் வழியில் இவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார். சுப்புராயன் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு வருகிறபோது அப்படித்தான் நடப்பார். ஓடையைத் தாண்டும்போது அந்தக் கையை மட்டும் உயரத் தூக்கினார்.

பயத்தைவிட எனக்குப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் நம்பி வந்தவள் நான்.

பஸ்ஸில் எனக்கும் தனக்கும் நடுவே இடம் விட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லன்னீங்களே?"

"ஒண்ணுமில்ல."

அந்த இடத்தில் கை வைத்துத் துழாவினேன். எப்போதும் போல எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

மலைச்சாலை வளைவில் பஸ் குலுங்கியது. நான் அவர் பக்கம் சரிந்தேன்.

"பாத்து, அம்சா" என்று கிசுகிசுத்தார். "புள்ள மேல சாயாத."