ஏழாவது கயிறு

எல்டிகா கட்டியது ஆறு கயிறு. மதியம் எண்ணிப் பார்த்தபோது ஏழு இருந்தது.

புயல் வருகிறதென்றால் கரீபியக் கடலின் கரியாகூ தீவுப் படகுகளெல்லாம் இந்தக் காயலுக்குள் ஒதுங்கிவிடும். மூன்று பக்கமும் குன்று, குறுகலான வாய், சுற்றிலும் கண்டல் மரங்கள். எல்டிகா கடைசியாக வந்ததால் மற்றவர்கள் விட்டுவைத்த உள்மூலைதான் கிடைத்தது. வளைவு மறைத்ததில் ஒரு பாய்மரம்கூடத் தெரியவில்லை. படகுதான் அவளுக்கு வீடு, கரையில் யாருமில்லை.

ஆறு கயிறும் கண்டல் வேர்களுக்குப் போயின. ஏழாவது, பின்பக்கத்திலிருந்து தண்ணீருக்குள் இறங்கியது.

வளைவுக்கு அந்தப் பக்கம் நின்ற படகுக்காரர் கத்பர்ட்டை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள். "அண்ணே, என் படகுல கயிறு கட்டுனீங்களா?"

"உன் ஓட்டைப் படகுல கட்டுறதுக்குப் பதிலா என் ஆட்டுக்குட்டியில கட்டுவேன்." சிரித்தார். "எவனோ உன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். வெட்டிராதே தாயி. அடுத்தவன் கயித்தை வெட்டுனா அவன் படகு போச்சு. அப்புறம் தீவுல ஒருத்தனும் உன் மூஞ்சில முழிக்க மாட்டான்."

"தெரியும்ண்ணே."

காற்று குன்றைத் தாண்டி இறங்கியபோது, பிய்ந்த இலைகளும் உப்பும் அழுகிய சேற்று வாடையும் ஒன்றாகக் கலந்து படகின் அறைக்குள் புகுந்தன; பலகைகள் முனகின, ஆறு கயிறுகளும் கிறீச்சிட்டன, ஏழாவது மட்டும் சத்தமில்லாமல் விறைத்து நின்றது. காற்று படகை முன்னால் தள்ளியது. படகு பின்னால் போனது. ஒரு சாண். இன்னொரு சாண்.

வேர்களில் கட்டிய கயிறு ஒன்று அறுந்தது.

தவழ்ந்து போய் ஏழாவதைத் தொட்டாள். கதகதப்பாக இருந்தது.

"அண்ணே!"

வயர்லெஸ்ஸில் இரைச்சல் மட்டும்.

இன்னொன்று அறுந்தது. கத்தியை எடுத்தாள். அந்தப் பக்கம் ஒரு படகு இருந்தால்? அதில் ஆள் இருந்தால்? கத்தியை இறக்கினாள்.

சட்டென்று காற்று நின்றது. புயலின் கண். காயலின் தண்ணீர் முழுவதும் வாய் வழியாக வடிந்து வெளியேற, படகு சேற்றில் அமர்ந்தது.

அடித்தரை தெரிந்தது. கயிறும் தெரிந்தது.

அந்தப் பக்கம் படகு இல்லை. சேற்றிலிருந்து மணிக்கட்டுவரை நீண்ட கைகள். கரைவலை இழுப்பவர்களைப்போல வரிசையாக, கண்டல் இருட்டுவரை. இழுத்தன. விட்டன. இழுத்தன.

வெட்டினாள்.

கயிறு சேற்றில் விழுந்தது. கைகள் நின்றன.

பிறகு, ஒவ்வொன்றாக, சேற்றைத் தடவிக்கொண்டே அவள் பக்கம் திரும்பின. முதல் கை படகின் பலகையில் பதிந்தது. துறைக்கு வந்து சேரும் படகை அணைத்துப் பிடிப்பதுபோல, மெதுவாக.